சார் தாண்டிப் போன வார்த்தை

நம் பழைய வகுப்புக்கு ஒரு நினைவு மலர் போடப் போகிறோம், ஆளுக்கு ஒரு இனிய நினைவு எழுதி அனுப்புங்கள் என்று வாட்ஸ்அப் குழுவில் செய்தி போட்டீர்கள். 'இனிய' என்பதைத் தடித்த எழுத்தில் வேறு போட்டிருந்தீர்கள். மறுநாள் யாரோ நம் இங்கிலீஷ் சாரின் பழைய படத்தைப் போட, அதற்குக் கீழே வரிசையாகக் கும்பிடும் கைகள். "நமக்கு இங்கிலீஷ் ஊட்டிய தெய்வம்" என்று ஒருவர். நான் ஒன்றும் போடவில்லை. "நீ மட்டும் ஏன் கம்முனு இருக்க? நீதான சாருக்குச் செல்லம்?" என்று நம் மில்லுக்காரர் மகள் தனியாக எழுதிக் கேட்டாள். கேட்டுவிட்டீர்கள், எழுதுகிறேன். இனிப்பாக இருக்காது. பாகற்காய்க்கு எவ்வளவு வெல்லம் போட்டாலும் அது பாகற்காய்தான்.

எட்டாம் வகுப்பு. தை அறுவடை முடிந்து மாசி வெயில் ஏறத் தொடங்கியிருந்தது. சுண்ணாம்புக்கல் ஏற்றிய லாரிகள் நம் அரியலூர்ப் பள்ளியின் மதிலை ஒட்டித்தான் போகும். வேப்பமரத்து இலை வெள்ளையாக இருக்கும். காலையில் பெஞ்சில் உட்காருமுன் பாவாடை நுனியால் துடைத்துவிட்டுத்தான் உட்காருவோம், மத்தியானத்துக்குள் மறுபடி பேர் எழுதுமளவுக்குத் தூசி படிந்துவிடும். அந்தத் தூசிக்குள் பெரம்பலூர் பஸ்ஸில் வந்து இறங்குவார் சார். "எங்க ஊருலயாவது ரயிலு ஓடுது சார், உங்க ஊருல அதுகூட இல்ல" என்று பையன்கள் சீண்டுவார்கள். "ரயிலு ஓடி என்னடா, உங்க மண்டை ஓட மாட்டேங்குதே" என்பார். சட்டைப் பையில் கைக்குட்டையில் சுற்றிய கலர் சாக்பீஸ் வைத்திருப்பார். திருநீறும் பஸ் டீசலும் கலந்த ஒரு வாசம் அவரோடு உள்ளே வரும். இதெல்லாம் எனக்கும் நினைவிருக்கிறது. நான் ஒன்றும் கல் நெஞ்சக்காரி இல்லை.

பாடப் புத்தகத்தைச் சீக்கிரம் முடித்துவிட்டு, மீதி நேரத்தில் பெரிய பெரிய இங்கிலீஷ் வார்த்தைகளின் பூர்வீகத்தைச் சொல்வார். "வார்த்தையும் மனுசன் மாதிரிதான்டா. எங்கயோ பொறந்து எங்கயோ போயிப் பொழைக்குது" என்பார். மசில் என்றால் சுண்டெலி என்று சொல்லி, தன் ஒல்லிக் கையை மடக்கி, தோலுக்குள் எலி ஓடுவதைக் காட்டினார். டிசாஸ்டர் என்றால் கெட்ட நட்சத்திரமாம். "இந்த ஒரு விசயத்துல நம்மூரு சோசியருக்கும் வெள்ளைக்காரனுக்கும் சண்டையே கிடையாது" என்றார். கேண்டிடேட் என்றால் வெள்ளை உடுத்தியவன், ரோமாபுரியில் பதவி கேட்டு வந்தவர்கள் சலவை வெள்ளையில் வருவார்களாம். நம்மூர் வேட்டிகளை நினைத்து வகுப்பே விழுந்து விழுந்து சிரித்தது. கேட்டமரான் நம் கட்டுமரம், செரூட் நம் சுருட்டு என்றபோது, வெள்ளைக்காரனே நம்மிடம் வந்து கை நீட்டியிருக்கிறான் என்று நமக்குக் கொஞ்சம் திமிர்கூட வந்தது.

என் அப்பா சுண்ணாம்புக்கல் சுரங்கத்தில் கல் உடைத்தவர். பாறையைப் பிளக்கும்போது சில சமயம் ஆட்டுக்கடாவின் கொம்பு போலச் சுருண்ட கல் கிடைக்கும். அதைச் சோற்றுத் தூக்கில் போட்டு எனக்குக் கொண்டுவருவார். ஒன்றைச் சாரிடம் காட்டினேன். அவர் முகம் மலர்ந்ததை நான் பொய் என்று சொல்ல மாட்டேன்.

"இங்கெல்லாம் ஒரு காலத்துல கடலு இருந்துச்சு. இது அதுல வாழ்ந்த பிராணி. அம்மோனைட்டுனு பேரு. எகிப்துல அம்மோன்னு ஒரு சாமி, ஆட்டுக்கொம்பு வெச்ச சாமி. அது பேரத்தான் வெச்சிருக்கான்" என்றார்.

சாயங்காலம் ஓடிப் போய் அப்பாவிடம் சொன்னேன். "நான் சாமியவா ஒடைச்சுக்கிட்டு இருக்கேன்?" என்று தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டார். கல்லைச் சார் வாங்கி ஆசிரியர் அறை மேசையில் காகிதம் பறக்காமல் இருக்க வைத்துக்கொண்டார். திரும்பக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. இப்போது எந்தக் குப்பையில் கிடக்கிறதோ.

அப்பாவுக்கு இங்கிலீஷ் மேல் பெரிய நம்பிக்கை. அது ஏன் என்று சொன்னால்தான் மற்றது உங்களுக்கு விளங்கும். அவர் திருமானூர்ப் பக்கம் ஒரு பண்ணையில் ஆளாக இருந்தவர். அவருடைய அப்பாவும் அங்கேதான் கிடந்தார். பண்ணை வீட்டில் சாவு விழுந்தால் எங்கள் ஆட்கள் பறையை எடுத்துக்கொண்டு போய் வாசலுக்கு வெளியே நின்று அடிக்க வேண்டும். அது அங்கே வழக்கம், கேள்வி கிடையாது. ஒரு சாவுக்கு அப்பா போகவில்லை. காய்ச்சல் என்று பொய்கூடச் சொல்லவில்லை, வர மாட்டேன் என்று சொல்லியனுப்பினார். அதற்கப்புறம் அந்த ஊரில் குடியிருக்க முடியவில்லை. கைக்குழந்தையான என்னையும் பாத்திரங்களையும் தூக்கிக்கொண்டு அப்பாவும் அம்மாவும் அரியலூருக்கு வந்தார்கள்.

"இங்கிலீசுல வா, வாங்கன்னு ரெண்டு கிடையாதாம்ல பாப்பா? எல்லாருக்கும் ஒண்ணேதானாம். சுரங்கத்துல எஞ்சினியரு சொன்னாரு" என்று என்னிடம் அடிக்கடி கேட்பார். ஆமாம் என்று சொல்ல வேண்டும். சொன்னால் நிம்மதியாகச் சாப்பிடுவார். அந்தப் பாஷைக்குள் போய்விட்டால் யாரும் தன் மகளை நீ யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்க மாட்டார்கள் என்பது அவர் கணக்கு.

ஒரு நாள் சார் 'வில்லன்' என்று போர்டில் எழுதினார். பையன்கள் விசில் அடித்தார்கள். "சினிமா வில்லன் இல்லடா. கேளுங்க. லத்தீன்ல வில்லான்னா பண்ணை. அந்தப் பண்ணையில கெடந்து வேல செஞ்சவனுக்குத்தான் மொதல்ல இந்தப் பேரு. பெரிய மனுசங்க அவன மட்டமாப் பேசிப் பேசியே, கடைசியில கெட்டவன்னு அர்த்தமாயிருச்சு" என்றார்.

கடைசி பெஞ்சிலிருந்து உள்ளூர்ப் பண்ணைக்காரர் ஒருவரின் மகன் எழுந்தான். "அப்ப எங்க பண்ணையில இருக்கவனுங்க பூரா வில்லனா சார்?"

வகுப்பு அதிர்ந்தது. சார் கண்ணில் நீர் வரச் சிரித்தார். நீங்களும் சிரித்தீர்கள். எனக்குச் சுருக்கென்றது. பல்லைக் காட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சார் அதே சிரிப்போடு அடுத்த வார்த்தைக்குப் போனார். அந்தச் சிரிப்பில் யார் அப்பாவாவது இருப்பார் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. எல்லா வார்த்தையையும் வீட்டில் போய் ஒப்பிக்கிற நான் அன்றைக்கு அதை மட்டும் சொல்லவில்லை.

அந்த மாசியில்தான் பெரம்பலூர் வியாபாரிகள் சேர்ந்து ஒரு போட்டி அறிவித்தார்கள். இங்கிலீஷ் வார்த்தையைக் கொடுப்பார்கள், மேடையேறி மைக்கில் அர்த்தமும் பூர்வீகமும் சொல்ல வேண்டும். பள்ளிக்கு ஒருவர். ஜெயிக்கிற பிள்ளையைத் திருச்சியில் இங்கிலீஷ் மீடியம் பள்ளியில் சேர்த்து, ஹாஸ்டலில் வைத்து, பள்ளிப் படிப்பு முடியும்வரை அவர்களே படிக்க வைப்பார்கள். சார் யோசிக்காமல் என் பேரைச் சொன்னார். எனக்கு அடுத்த இடத்தில் மில்லுக்காரர் மகள் இருந்தாள். அம்மா தன் கல்யாணப் புடவையின் கரையை வெட்டி என் பாவாடைக்கு வைத்துத் தைத்தாள். திருச்சி ஹாஸ்டலில் சோறு எப்படிப் போடுவார்கள், மாதத்துக்கு எத்தனை தரம் பார்க்க விடுவார்கள் என்று அப்பா சுரங்கம் முழுக்க விசாரித்துவிட்டார்.

போட்டிக்காரர்கள் ஒரு சின்னப் புத்தகம் அனுப்பியிருந்தார்கள். பகலில் சார் கையில் இருக்கும், சாயங்காலம் நான் வீட்டுக்குக் கொண்டுபோவேன். வகுப்பிலேயே வரிசையாகக் கேட்டு என்னைத் தயார் செய்தார். நான் டக் டக்கென்று சொல்வேன், நீங்கள் கை தட்டுவீர்கள். அப்படி ஒரு நாள் 'பி' எழுத்துக்கு வந்தோம். ஒரு பக்கத்தைப் புரட்டியவர் நின்றுவிட்டார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"இது வேணாம். அடுத்தது" என்றார். சொல்லிவிட்டு என்னைப் பார்த்தார்.

அவ்வளவுதான் நடந்தது. அந்தப் பார்வை போன திசையில் வகுப்பே திரும்பியது. நீங்கள் எல்லோரும்தான். உங்களில் பாதிப் பேருக்கு அதுவரை நான் யார் வீட்டுப் பிள்ளை என்று நினைக்கத் தோன்றியிருக்காது. முதல் மார்க் வாங்குகிறவள், சுரங்கத்துக்காரர் மகள், அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானம் என் தூக்கிலிருந்து ஊறுகாய் எடுக்க யார் கையும் வரவில்லை. மில்லுக்காரர் மகள் மட்டும் எப்போதும்போல் எடுத்தாள். அதை நான் மறக்கவில்லை.

சார் தாண்டிப் போன வார்த்தையை நான் முன்பே படித்திருந்தேன். பரையா. அர்த்தம், எல்லோரும் ஒதுக்கி வைத்த ஆள். பூர்வீகம் தமிழ். பறை அடிக்கிறவர்களின் பேர் கப்பலேறிப் போய் அப்படி ஆகியிருக்கிறது. கட்டுமரமும் சுருட்டும் போன அதே வழிதான். படித்த அன்று எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. மேடையில் அது வந்தால் என்ன சொல்வது என்று யோசித்தும் வைத்துவிட்டேன். அர்த்தத்தைச் சொல்லி, பூர்வீகத்தைச் சொல்லி, கூட ஒரு வரி: சாவு வீட்டில் பறை அடிக்க மாட்டேன் என்று சொன்னவர் என் அப்பா. அந்த ஒரு வரியை இங்கிலீஷில் பிழையில்லாமல் சொல்லிச் சொல்லிப் பார்த்திருந்தேன். அந்த வார்த்தையே எனக்கு வர வேண்டும் என்று சாமியைக்கூட வேண்டினேன்.

மறுநாள் சார் அப்பாவைக் கூப்பிட்டனுப்பினார். மில்லுக்காரர் வந்தால் "வாங்க, உக்காருங்க" என்பவர், அப்பாவை "வாப்பா" என்றார். அப்பா நின்றார். நான் கதவுக்கு வெளியே நின்றேன்.

"போட்டிக்கு மில்லுக்காரர் மகள அனுப்பறேன்பா. உம் பொண்ணு கெட்டிக்காரிதான், அதுல ஒண்ணும் கொறையில்ல. ஆனா அந்தப் புத்தகத்துல ஒரு வார்த்தை இருக்கு. அவ்வளவு பேரு முன்னாடி மைக்க நீட்டி அதக் கேட்டுட்டாங்கன்னா, புள்ள கூனிக் குறுகிப் போயிரும். அதப் பாக்க என்னால முடியாது."

"என்ன வார்த்தைங்க சார்?"

"அத வுடு. உங்கிட்ட நான் எப்படிச் சொல்றது?"

அப்பா இரண்டு கையையும் எடுத்துக் கும்பிட்டார். "எம் புள்ள மேல இம்புட்டு அக்கறையா இருக்கீங்களே சார்" என்றார். எனக்கு அந்த அறைக்குள் ஓடிப் போய் அவர் கையைப் பிடித்துக் கீழே இழுக்க வேண்டும் போல இருந்தது. எதைப் பிடுங்கிக்கொண்டார்கள் என்று தெரியாமலே நன்றி சொல்லிக்கொண்டிருந்தார் மனிதர்.

சாயங்காலம் அந்த வார்த்தையை நான் சொன்னேன். அர்த்தத்தையும் சொன்னேன். அப்பா கையிலிருந்த சோற்றைத் தட்டிலேயே போட்டுவிட்டார்.

"இங்கிலீசுலயுமா?" என்றார்.

அம்மா அடுப்பைவிட்டுத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அப்பாவே கேட்டார். "மேடையில நீ சொல்லுவியா?"

"சொல்லுவேம்பா."

"அழுவ மாட்டியே?"

"மாட்டேன்."

"அப்பச் சரி. நான் பேசுறேன்."

மறுநாள் வேலைக்குப் போகாமல், பஸ் ஸ்டாண்டிலேயே காத்திருந்து, பெரம்பலூர் பஸ்ஸிலிருந்து இறங்கிய சாரைப் பிடித்தார். "எம் புள்ள சொல்லும் சார். அதுக்கு ஒண்ணும் ஆவாது. நீங்க கவலப்படாதீங்க."

"பேரு எழுதி அனுப்பியாச்சேப்பா" என்றார் சார். அவர் முகம் வாடிவிட்டது. "உன் நல்லதுக்குத்தான செஞ்சேன்? நீயே புரிஞ்சுக்கலன்னா எப்படி?"

நல்லது செய்கிறவர்களிடம் இது ஒரு தொல்லை. அவர்கள் மனம் நொந்துவிட்டால் அடிபட்டவனே ஆறுதல் சொல்ல வேண்டும். "ஐயோ, நான் தப்பாச் சொல்லல சார், மனசுல வெச்சுக்காதீங்க" என்று அப்பா சமாதானம் சொன்னார். சாரின் பையை வாங்கிக்கொண்டு பள்ளிக்கூட வாசல்வரை கூடவே நடந்தார்.

போட்டியன்று நாம் எல்லோரும் பஸ்ஸில் பெரம்பலூர் போனோமே, நினைவிருக்கிறதா? ஒரு கல்யாண மண்டபம். முந்தின நாள் கல்யாணத்தின் வாழைமரம் வாசலில் வாடித் தொங்கியது. உள்ளே புளித்த சாம்பார் வாசம். நான் உங்களோடு ஜமக்காளத்தில், புதுக் கரை வைத்த பாவாடையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அப்பாவும் வந்திருந்தார். நீங்கள் பார்த்திருக்க மாட்டீர்கள். வெளுத்த சட்டை போட்டுக்கொண்டு பின்னால் தூணை ஒட்டி நின்றார். அந்த வார்த்தை எப்போது வரப் போகிறது என்று பார்க்கத்தான் வந்திருப்பார்.

அது வரவே இல்லை. ஒரு பிள்ளைக்கும் வரவில்லை. கடைசியில் இரண்டு பேர் மிஞ்சினார்கள். மற்றவன் தடுமாறி இறங்கிவிட்டான். நம் மில்லுக்காரர் மகளுக்கு மைக்கில் வந்த வார்த்தை வில்லன். அவள் கணீரென்று சொன்னாள். பண்ணை, அதில் வேலை செய்த ஆள், கேவலமாகப் பேசிப் பேசிக் கெட்டவனாகிப் போனவன். மண்டபமே கை தட்டியது. சார் எழுந்து நின்று தட்டினார். என்ன ஏது என்று தெரியாமல் அப்பாவும் தட்டினார்.

வெளியே வந்ததும் என்னிடம் கேட்டார். "என்ன பாப்பா கேட்டாங்க? அந்த வார்த்தையா?"

"இல்லப்பா. பண்ணையில வேல செஞ்ச ஆளுக்கு ஒரு பேரு வெச்சிருக்காங்க. அதக் கேட்டாங்க."

"அது நமக்குத் தெரிஞ்சதுதான?" என்றார் அப்பா.

ஆமாம் என்றேன். அதற்கப்புறம் இங்கிலீஷில் வா, வாங்க இருக்கிறதா என்று அவர் என்னிடம் கேட்டதே இல்லை.

மில்லுக்காரர் மகளே, உன் மேல் எனக்குக் கோபம் கிடையாது. நீ திருச்சிக்குப் போனாய், பிறகு வெளிநாடு போனாய். உன் பேரப்பிள்ளைகள் இங்கிலீஷில் சண்டை போடுகிற வீடியோவை நீ அனுப்பும்போது நானும் சிரிக்கத்தான் செய்கிறேன். நான் தமிழ்த் தட்டச்சு பாஸ் செய்து தாலுகா ஆபீசில் சேர்ந்து, அங்கேயே ஓய்வு பெற்றேன். அதிகாரிகள் இங்கிலீஷில் பேசினால் புரியும். பதிலைத் தமிழில்தான் சொல்வேன். இங்கிலீஷில் வாயைத் திறந்தால் எல்லோரும் திரும்பிப் பார்ப்பார்களோ என்று இருக்கும். எனக்கு எது வலிக்கும் என்பதைச் சாரே முடிவு செய்தார். வலித்த இடத்தில் சிரித்தார், வலிக்காத இடத்தில் கட்டுப் போட்டார். இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. செத்துப்போனவரைப் பற்றி எதற்கு என்று விட்டிருப்பேன். போன கார்த்திகையில் நடந்ததுதான் என்னை எழுத வைத்தது.

பென்ஷன்காரர்கள் உயிரோடு இருப்பதை வருடத்துக்கு ஒரு தரம் காட்ட வேண்டுமே, அதற்காகப் பெரம்பலூரில் பேங்குக்குப் போயிருந்தேன். கவுண்டரில் ஒரு இளைஞர். தங்கமான பிள்ளை. நாற்காலி போட்டு உட்கார வைத்து, எந்த ஊர், எந்தப் பள்ளி என்று விசாரித்தார். சொன்னேன்.

"அப்ப எங்க சார உங்களுக்குத் தெரிஞ்சிருக்கணுமே! ரிட்டயர் ஆயிட்டு இங்கதாங்கம்மா டியூஷன் எடுத்தாரு."

"தெரியும் தம்பி. எட்டாவதுல அவருகிட்டதான் படிச்சேன். ஒரு போட்டிக்கு என் பேரத்தான் மொதல்ல குடுத்தாரு. அப்புறம் மாத்திட்டாரு" என்றேன். ஏன் சொன்னேன் என்று தெரியவில்லை, வாயில் வந்துவிட்டது.

அவர் எழுந்தே நின்றுவிட்டார். "ஐயோ, நீங்கதானா அது? பரையாங்கிற வார்த்தை வரும்போதெல்லாம் உங்க கதையத்தாம்மா சொல்லுவாரு. எங்கிட்ட அப்படி ஒரு பொண்ணு படிச்சுது, அது மனசு நோகக் கூடாதுன்னு மேடையேத்தாம வுட்டேன்னு. சொல்லும்போதே கண்ணு கலங்கிரும். எங்களுக்கு முந்தின பேட்ச், அதுக்கும் முந்தின பேட்ச், எல்லாருக்கும் சொல்லியிருக்காரு. அர்த்தம் மறந்துச்சுன்னா அந்தப் பொண்ண நெனச்சுக்கங்கடா, தன்னால வந்துரும்னுவாரு."

அவர் மேசை மேல் குனிந்து, சந்தோஷம் தாங்காமல் குரலைத் தாழ்த்திச் சொன்னார். "பேங்க் பரீட்சையில அந்த வார்த்தை வந்துச்சுங்கம்மா. உங்களத்தான் நெனச்சேன். கரெக்டா போட்டுட்டேன்."

பிறகு மெஷினை என் பக்கம் நகர்த்தி விரலை வைக்கச் சொன்னார். வைத்தேன். நான் உயிரோடு இருப்பதாகப் பதிவானது.